சோமாசிச் சக்கரம்

சவரிராயன் தைத்த அங்கியில் ஓர் அங்குலத்துக்குப் பதினான்கு தையல் விழும். பாலக்கரையில் அளவுகோலை வைத்து எண்ணிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஊரில் மாதா கோயில் சாமியார்களுக்கு அங்கி தைத்த மற்ற இரண்டு தையற்காரர்களும் பத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். “பத்து போட்டா யாருப்பா எண்ணப் போறாங்க?” என்று அவர்களில் ஒருவர் ஒரு நாள் கேட்டுவிட்டார். “பீடத்துல ஏறி நிக்கிற உடுப்புங்க. மேல இருக்கிறவர் எண்ண மாட்டாரா?” என்றான் சவரிராயன்.

யுத்தம் தொடங்கி நாலாவது வருஷம் கறுப்புத் துணி வருவது அடியோடு நின்றது. சாமியார்கள் வெளுத்துப்போன அங்கியைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைக்கச் சொன்னார்கள். திருப்பவும் ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகு புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் திரைச்சீலை மடித்துக் கொடுத்தான். அதுவும் முடிந்தது. கால் மெஷின் மேல் அவன் மனைவி செல்வமேரி ஒரு பழைய சேலையைப் போர்த்தி வைத்தாள். பர்மா அரிசி நின்றுபோன காலம். காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் களி, ராத்திரி மரவள்ளிக்கிழங்கு என்று நாட்கள் போயின.

அந்தச் சித்திரையில்தான் செம்பட்டிலிருந்து நத்தர்சா ராவுத்தர் வந்தார். செம்பட்டில் அவருக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பு. சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம்பட்டைத் தொட்டியுமாக நாற்பது தொட்டிகள். அவருக்கு முன்னால் அவர் ஷாப்பு வாசனை வந்துவிடும் என்று கடைவீதியில் சொல்வார்கள். வாசலில் மாட்டு வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு மூட்டையை இறக்கி உள்ளே கொண்டுவந்து பிரித்தார். பனங்கருப்பட்டி நிறத்தில், கன்னம் போல மெத்தென்ற ஆட்டுத்தோல். அதன் மேல் மாதிரிக்கென்று ஒரு சட்டையை விரித்தார். உள்ளே கம்பளி, முன்னால் நாலு பொத்தான். கைகள் இல்லை.

“என்ன பாய் இது? கைக்குத் தோல் பத்தலையா?”

“பேரு ஜெர்க்கின். இங்கிலீஷ்காரன் சிக்கனம் தம்பி அது. கை ஆடணுமாம், துப்பாக்கி தூக்க. நெஞ்சும் முதுகும் சூடா இருந்தா போதுமாம்.” ராவுத்தர் மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பத்திரிகைகளிலிருந்து கத்தரித்து ஒட்டிய படங்கள். இருபத்தெட்டாம் வருஷம் தோல் மாதிரிகளோடு அவர் லண்டனுக்குப் போய்வந்தவர். அன்றிலிருந்து சேர்த்தவை.

“இதோ பாரு, செருமன்காரன். கோட்டு முழங்காலுக்குக் கீழ போகும். அதிகாரின்னு தூரத்துலயே தெரியணும் அவனுக்கு. இவன் ருசியாக்காரன். ஆட்டு ரோமத்த உள்ள வச்சு, தோலை வெளிய வச்சுத் தைப்பான். அவன் ஊரு குளிருக்கு வேற எதுவும் நிக்காது. இவன் அமெரிக்காக்காரன். இடுப்போட சரி. பொத்தானே கிடையாது, பல்லு வச்ச பட்டி, சர்ருன்னு இழுத்தா மூடிக்கும். ஏரோப்ளேன் ஓட்டுறவனுக்கு.”

“எல்லாம் நம்ம ஊரு தோலா?”

“அமெரிக்காக்காரனுக்குக் குதிரைத்தோல் இருக்கு. ஆனா இங்கிலாந்துக்குப் போனதுல பாதி நம்ம பக்கத்துத் தோல். இத்தனை நாளும் அரைப் பதத்துல கப்பல் ஏத்துவோம். அங்க சாயம் போட்டு, வெட்டி, தைச்சு, அவன் ஊரு பேரைப் போட்டு விப்பான். இப்ப கப்பல்ல இடம் கிடையாது. தோலா அங்க போயி, சட்டையாத் திரும்பி வர்றதுக்கு எவன்கிட்ட நேரம் இருக்கு? இங்கயே தைங்கடான்னுட்டான். ஈரான் மலையில நம்ம பட்டாளம் குளிர்ல நடுங்குதாம்.”

சவரிராயன் சிரித்தான். வெளியே தெருவில் கால் வைக்க முடியாத வெயில். அவனுக்குத் தெரிந்த குளிரெல்லாம் கிறிஸ்மஸ் நடுச்சாமப் பூசைக்குத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு போகிற குளிர்தான்.

“பாரேன் தம்பி,” ராவுத்தர் நோட்டைப் புரட்டினார். “குதிரை இருந்த வரைக்கும் உலகத்துல தோலுன்னா சேணம், லகான், பூட்ஸ். தோலை உடுத்தினவன் வண்டிக்காரனும் ஆடு மேய்க்கிறவனும்தான். அப்புறம் கூரையில்லாத மோட்டார் வந்துச்சு. காத்து மூஞ்சியில அடிச்சுதா, பணக்காரன் தோல் கோட்டு கேட்டான். அப்புறம் ஏரோப்ளேன். எவன் வேகமாப் போறானோ அவன் தோல் சட்டை கேக்குறான்.”

“சேணம் தைச்சவங்கல்லாம் என்ன ஆனாங்க பாய்?”

கேட்டது செல்வமேரி. உள்கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். சவரிராயன் சட்டென்று திரும்பிப் பார்த்தான்.

“அவங்களா?” ராவுத்தர் தாடியைத் தடவினார். “சில பேர் மோட்டாருக்கு மெத்தை தைக்கப் போனாங்க. மத்தவங்களை யாரு பாத்தா தங்கச்சி?”

அவள் உள்ளே போய்விட்டாள்.

செல்வமேரியின் அப்பா மதலைமுத்து பெங்களூர் தண்டில், பட்டாளம் தங்கும் பேட்டையில், குதிரைப்படைக்குச் சேணம் தைத்தவர். கல்யாணமான வாரம் சவரிராயன் அவளிடம் கெஞ்சுகிற குரலில்தான் சொன்னான்: “மேரி, பூசை உடுப்பு தைக்கிற வீடு இது. உங்கப்பா தோல் தைச்சாருன்னு இந்தத் தெருவுல தெரிய வேணாம். மிலிட்டரி ஸ்டோர்ல இருந்தாருன்னு சொல்லியிருக்கேன். நீயும் அப்படியே சொல்லு.” அவளுக்குப் பத்தொன்பது வயது. சரி என்றாள். பன்னிரண்டு வருஷமாக அதுவே அந்த வீட்டின் வழக்கம். மதலைமுத்து மூன்றே தடவை வந்தார். குதிரைப்படை கலைந்து அவருக்கு வேலை போயிருந்த காலம். நூல் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல்களைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஸ்டோர் வேலை எப்படி என்று யாராவது கேட்டால், “ஆமாங்க, ஸ்டோர்தான்” என்பார். அவர் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

இப்போது வீடு முழுக்கத் தோல். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் சவரிராயன் தலையை நிமிர்த்திச் சொன்னான்: “ராஜாங்க வேலைங்க.”

முதல் உருப்படி மெஷினில் ஏறிய அன்று, கொத்துமல்லிக் காபியோடு செல்வமேரி வந்தாள். தையலைப் பார்த்தாள். கட்டை விரலால் ஒரு தடவை வருடினாள். மாதிரிச் சட்டையில் தையல் எட்டி எட்டி விழுந்திருந்தது. சவரிராயனின் தையல் அங்கியில் விழுவது போலவே எறும்புச் சாரையாக நெருங்கி ஓடியது.

“மாதிரியில கொஞ்சம் எட்டி எட்டில்ல இருக்கு?” என்றாள்.

“அது அவசரத்துல தைச்சது. எவனோ வேலை திருடியிருக்கான். பட்டாளத்து உடுப்பு, பலமா வேணாமா? சாம்பிளை விட ஒசத்தியாத் தைச்சுக் காட்டுறேன் பாரு.”

“இல்லங்க, தோலுக்கு...”

“தோலுக்கு என்ன?”

அவன் கேட்ட விதத்தில் பழைய கெஞ்சல் இருந்தது. சொல்லிவிடாதே என்கிற கெஞ்சல். அவள் தம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்று வாரத்தில் நாற்பது உருப்படி. வியர்வையில் தோல் கையில் ஒட்டியது. மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலைச் சாயந்திரம் கக்கும்போது, வீட்டுக்குள் ஆவாரம்பட்டை வாசனை எழுந்து களியில்கூட ஏறிக்கொண்டது. அவன் முகம் தெளிந்திருந்தது. வேலை செய்கிற மனிதனின் பசியோடு சாப்பிட்டான். செல்வமேரி ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். எந்த முகத்தோடு சொல்வது? யார் மகளாக நின்று சொல்வது?

உடுப்புகளைப் பரிசோதிக்கும் கிடங்கு கண்டோன்மென்ட்டில் இருந்தது. பரிசோதகர் யதிராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர், பி.ஏ. படித்தவர். நெற்றியில் திருமண், உடம்பில் கோட்டு, கையில் நாள் முழுக்கத் தோல். அதைப் பற்றி அவரே சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். அன்று ராவுத்தரும் சவரிராயனும் மூட்டையை இறக்கியபோதும் பேசினார்.

“வாரும் ராவுத்தரே. சாயந்திரம் அம்மாமண்டபம் படித்துறையில தீர்த்தமாடாம நான் அகத்துக்குள்ள போக முடியாது, தெரியுமோ? ஆம்படையா வேதவதி வாசல்லயே நின்னுண்டு, எட்டிப் போங்கோ, எட்டிப் போங்கோங்கறா. சம்பளத்தை மட்டும் கிட்ட வந்து வாங்கிக்கறா.”

ராவுத்தர் வயிறு குலுங்கச் சிரித்தார். சவரிராயனுக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

யதிராஜன் ஒரு ஜெர்க்கினை வெளிச்சத்தில் பிடித்தார். “அடடா! கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கே ஓய். தையலா இது, சித்திரமா?” பிறகு தோள் தையலின் இரு பக்கமும் பிடித்து இழுத்தார்.

தையல் ஓடிய கோட்டிலேயே தோல் கிழிந்தது. நூல் அறவில்லை. துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன.

“தபாலாபீஸ்ல ஸ்டாம்பு கிழிக்கறாப்பல வரதே!” என்றார். இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது. ஒவ்வொன்றையும் வருத்தத்தோடுதான் இழுத்தார்.

“எப்படித் தைக்கணும் சாமி?” சவரிராயன் கிழிந்த ஒரு துண்டைக் கையில் எடுத்தான்.

“அது எனக்குத் தெரியாது ஓய். கிழியறதா இல்லையான்னு பார்க்கத்தான் எனக்கு உத்தியோகம். திங்கட்கிழமை ஆறே ஆறு உருப்படி கொண்டு வாரும். நின்னுதோ, வேலை உம்மது. இல்லேன்னா பட்டணத்துக்குப் போயிடும். நான் ஒண்ணும் பண்றதுக்கில்லை.”

திரும்பும்போது ராவுத்தர் திட்டவில்லை. “கிழிஞ்சதைக் கையுறைக்கு வெட்டிக்கலாம் தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

அன்று வெள்ளிக்கிழமை. செல்வமேரி களியும் கீரைக் குழம்பும் எடுத்து வைத்திருந்தாள். சவரிராயன் தட்டின் முன்னால் உட்கார்ந்து, கிழிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நெருக்கம் பத்தலை,” என்றான். “பதினாறு போடணும். திருகை இன்னும் இறுக்கினா பதினாறு வரும்.”

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இன்னும் நெருக்கினா இன்னும் சீக்கிரம் கிழியும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நான் யாரு மகன்னு மறந்துட்டீங்களா?”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“துணியில ஊசி இழையை ஒதுக்கிட்டுப் போகும். தோல்ல துளை போட்டுட்டுப் போகும். போட்ட துளை மூடாது. பதினாலு துளை அடுத்தடுத்துப் போட்டா அது தையல் இல்லங்க, வெட்டு. அங்குலத்துக்கு ஆறு. ஆட்டுத்தோலுக்கு அதுக்கு மேல எங்கப்பா போக மாட்டாரு.”

“எப்போ தெரியும் உனக்கு?”

“முதல் உருப்படியிலயே.”

“முதல்லயே தெரியுமா?” அவன் எழுந்துவிட்டான். “மேரி! நாப்பது உருப்படி! நான் ராவும் பகலும் மிதிக்கிறதைப் பாத்துக்கிட்டே இருந்தியா? நாப்பது!”

“பன்னெண்டு வருஷம்,” என்றாள் அவள்.

அவன் மறுபடி உட்கார்ந்தான். களி ஆறியது. பிறகு அவளே எழுந்துபோய் மாவு டப்பாவைத் திறந்து ஒரு சாமானை எடுத்து வந்தாள். மரப்பிடியும் பல் வைத்த சிறு பித்தளைச் சக்கரமும். கிறிஸ்மஸுக்கு அவள் சோமாசியின் ஓரத்தை அதில்தான் உருட்டி வெட்டுவாள். பல் பல்லாக அழகாக விழும். தெருவே அந்த ஓரத்தைச் சொல்லிச் சொல்லிச் சாப்பிடும்.

“சோமாசிச் சக்கரம் எதுக்கு?”

“எங்கப்பா சக்கரம். தோல்ல உருட்டினா தையலுக்குக் குறி விழும். அங்குலத்துக்கு ஆறு. அவரு பெட்டியில இருந்து இதை மட்டும்தான் எடுத்துட்டு வந்தேன்.”

“இதுலயா அஞ்சு வருஷமா...”

“ஆமா. சாமியார் பங்களாவுக்கும் இதுல வெட்டினதுதான் போச்சு. யாரும் வயித்து வலின்னு வரலையே.”

கோபத்தின் நடுவே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

சனியும் ஞாயிறும் தெருக்கதவைச் சாத்திக்கொண்டு அடுக்களையில் வேலை நடந்தது. அவள் தோலை ஈரத்துணியால் துடைத்து, மணிக்கட்டை அழுத்திச் சக்கரத்தை ஓட்டினாள். புள்ளிகள் நேராக விழுந்தன. ஒவ்வொரு புள்ளியிலும் ஊசி இறங்கும்படி அவன் மெதுவாக மிதித்தான். வேகத்துக்குப் பழகிய கால் வலித்தது. இரண்டு தையலுக்கு நடுவே கிடந்த வெற்றிடம் அவனை உறுத்தியது.

“திருடுற மாதிரியே இருக்கு மேரி. இத்தனை இடம் சும்மா விடணுமா?”

“அந்த இடம்தாங்க பிடிச்சுக்கிட்டு நிக்குது.”

திங்கட்கிழமை யதிராஜன் இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். தலைப்பாகை நழுவியது. தையல் அசையவில்லை. ஆறும் அசையவில்லை.

“பேஷ்! மூணு நாள்ல எப்படி ஓய்? யார் சொல்லிக் கொடுத்தா?”

ராவுத்தரும் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். கிடங்கில் நாலு பேர் நின்றிருந்தார்கள். சவரிராயன் வாயைத் திறந்தான்.

“நானாத்தான் சாமி. யோசிச்சுப் பாத்தேன்.”

அன்று மத்தியானமே ராவுத்தர் நூறு உருப்படிக்குத் தோல் கொண்டுவந்து இறக்கினார். செல்வமேரி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“உன் புருசன் மூளைக்காரன் தங்கச்சி! தானே யோசிச்சுக் கண்டுபிடிச்சானாம். அந்த ஐயங்காரே அசந்து போயிட்டாரு!”

“அப்படிங்களா பாய்?” என்றாள். தம்ளர் காலியாகும் வரை நின்று, வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை மெஷினடியில் உட்கார்ந்த சவரிராயன் சக்கரத்தைத் தேடினான்.

“மேரி, சக்கரம் எங்க?”

“மாவு டப்பாவுல.”

“எடுத்துட்டு வாயேன்.”

“அது சோமாசிக்குத்தானே? கிறிஸ்மஸுக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கே.”

அவள் குரலில் சண்டை இல்லை. கூழ் நேரத்துக்கு வந்தது. அவன் வேட்டி துவைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதுதான் அவனைக் கலக்கியது. டப்பாவைத் தானே திறந்து எடுத்துக்கொள்ள அவனுக்குக் கை நீளவில்லை. சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டுப் பார்த்தான், கை பட்டதும் அழிந்தது. அளவுகோல் வைத்து ஊசியால் குத்தினான், கோடு கோணிற்று. இரண்டு நாளில் ஓர் உருப்படிகூட இறங்கவில்லை. தோல் மூட்டைகள் சுவரோரம் கிடந்தன.

மூன்றாம் நாள் மத்தியானம் அவற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, மாமனார் கடைசியாக வந்த நாள் நினைவுக்கு வந்தது. மேஜையில் ஓர் அங்கி கிடந்தது. கிழவர் தொடாமல், குனிந்து மட்டும் பார்த்தார். “பதினாலா தம்பி?” என்றார். அளவுகோல் இல்லாமல், ஒரே பார்வையில். “பதினாலுதான்” என்றான் இவன், பெருமையாக. “நல்ல கை” என்று சொல்லிவிட்டு அவர் துண்டுக்குள் விரல்களை மறைத்துக்கொண்டார். ஒரு மிலிட்டரி ஸ்டோர்க்காரருக்கு அது எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று அன்றைக்கு இவனுக்குப் பயம்தான் வந்தது. எட்டிப் போங்கோ, எட்டிப் போங்கோ என்று யதிராஜன் சொன்னது காதில் விழுந்தது.

நாலு மணிக்கு அவன் எழுந்தான். மெஷினைத் தரதரவென்று இழுத்துத் தெருக்கதவண்டை போட்டான். கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்தான். பாயை விரித்தான்.

“மேரி, டப்பாவை எடுத்துட்டு வா.”

அவள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். “இங்கயா?”

“இங்கதான். வெளிச்சம் நல்லா இருக்கு.”

“வெளிச்சத்துக்கு மட்டுமா?”

“வாயேன்.”

அவள் மாவைத் துடைத்துச் சக்கரத்தை எடுத்து வந்தாள். தெருவுக்கு முகம் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் துண்டை மடியில் எடுத்தாள். சாயந்திர ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போகிற நேரம். பேட்ரிசியா டீச்சர் குடையோடு வந்துகொண்டிருந்தார். அந்தத் தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை தெரிந்தவர். வாசலில் நின்றுவிட்டார்.

“ஏன் செல்வமேரி, அது உன் சோமாசிச் சக்கரமில்ல? அதைப் போய்த் தோல்ல உருட்டுறியே?”

சக்கரம் பாதி வரியில் நின்றது. செல்வமேரி புருஷனைப் பார்க்கவில்லை.

சவரிராயன் மிதிப்பதை நிறுத்தினான்.

“அது சோமாசிச் சக்கரம் இல்லங்க டீச்சர். என் மாமனார் சக்கரம்.”

“மாமனாரா? ஸ்டோர்ல இருந்தாரே, அவரா?”

“ஸ்டோர்ல இல்லங்க. சேணம் தைச்சாரு. பெங்களூர் தண்டுல, குதிரைப்படைக்கு. மதலைமுத்துன்னு பேரு. நான்தான் ஸ்டோர்னு சொல்லி வச்சேன். தோல் தைக்க எனக்குத் தெரியாதுங்க. இவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க.”

அப்பாவின் பெயர் அந்த வாசலில் அப்படிச் சத்தமாகச் சொல்லப்பட்டு செல்வமேரி கேட்டதில்லை. குனிந்தபடியே இருந்தாள்.

டீச்சர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். “சேணமா!” என்றார். பிறகு, “அப்போ சோமாசி...?”

“வெந்நீர்ல கழுவிட்டுத்தான் டீச்சர்,” என்றாள் செல்வமேரி.

“வரேன்மா,” என்று டீச்சர் நடையைக் கட்டினார். வழக்கத்தை விட வேகமாகவே போனார்.

“தெரு முனை தாண்டுறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்,” என்றாள் செல்வமேரி.

“தெரியட்டும்.”

“இந்த வருஷம் சோமாசி வாங்கிக்க மாட்டாங்க.”

“நமக்கு நாலு கூடக் கிடைக்கும்.” நூலைக் கோத்துக்கொண்டே சொன்னான்: “சனிக்கிழமை கிடங்குக்கு நீயும் வா. ஐயங்கார்சாமிகிட்டயும் பாய்கிட்டயும் ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு.”

“என்னன்னு?”

“நானா யோசிக்கலைன்னு.”

அவள் நிறுத்திய இடத்தில் சக்கரத்தை வைத்து வரியின் கடைசி வரை ஓட்டினாள். குறி போட்ட துண்டை இரண்டு கையாலும் எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“முதல்ல இதைத் தைங்க. ஆறுக்கு மேல போயிடாதீங்க.”